தீவுச் செடிகளை மதுரைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மேலூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் அறிவியல் ஆசிரியராக இருக்கிறேன். சூழல் மன்றமும் என் பொறுப்புதான். உலகத்தில் ஏதோ ஒரு தீவில் மட்டும் வளர்கிற அரிய செடிகளைப் பற்றிச் சில வருடங்களாகப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்து வருகிறேன். சக ஆசிரியர்கள், பெற்றோர், பிள்ளைகள் என யார் கேட்டாலும் கேள்விகள் சுற்றிச் சுற்றி ஒன்றாகத்தான் வருகின்றன. அவர்கள் கேட்ட மாதிரியே இங்கே எழுதிப் பதிலும் சொல்லியிருக்கிறேன்.

மதுரையில கடலே கிடையாது. தீவுச் செடியைப் பத்தி நம்ம பிள்ளைங்களுக்கு எதுக்கு சார்?

ஒரு நாள் யானைமலையையோ அரிட்டாபட்டிக் குன்றுகளையோ கொஞ்சம் தள்ளி நின்று பாருங்கள். சுற்றிலும் வயல், வீடு, ரோடு. நடுவில் தனியாக ஒரு பாறைமலை. அந்தப் பாறை இடுக்கில் வளர்கிற செடிக்கு, கீழே இருக்கிற வயல் கடல் மாதிரிதான். இறங்கி வந்து பிழைக்க முடியாது. அடுத்த குன்றுக்கு விதை போய்ச் சேர்வதும் எளிதல்ல. கடலுக்கு நடுவில் இருந்தால்தான் தீவு என்றில்லை என்று நான் முதல் வகுப்பிலேயே சொல்லிவிடுவேன்.

அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் கிராமங்களில் 193 ஹெக்டேர் நிலத்தை 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அரசு அறிவித்தது. கிட்டத்தட்ட 2 சதுர கிலோமீட்டர். மொரிஷியஸுக்கு வடக்கே ரவுண்ட் தீவு என்று ஒன்று இருக்கிறது. அதுவும் ஏறக்குறைய இதே அளவுதான். இரண்டையும் கரும்பலகையில் பக்கத்தில் பக்கத்தில் வரைந்து காட்டினால், தூரத்துத் தீவு சட்டென்று நம் ஊர் அளவுக்கு வந்துவிடும்.

இன்னொரு காரணமும் உண்டு. தீவு சின்ன இடம். ஆடு வந்தது, செடி போனது, மண் கரைந்தது என்று ஒன்றன்பின் ஒன்றாக நடப்பதைப் பிள்ளைகளால் விட்டுப்போகாமல் தொடர முடிகிறது. பெரிய நிலத்தில் இதே கதை நடக்கும்போது அது கண்ணுக்குப் பிடிபடுவதில்லை.

தீவுச் செடின்னா தென்னை மரம்தானே?

பிள்ளைகளைத் தீவு வரையச் சொன்னால் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் மணல்மேடும் ஒரு தென்னை மரமும்தான் வரைவார்கள். தென்னை கடல்வழியாகவும் மனிதர் கையாலும் உலகம் முழுக்கப் பரவிய மரம். நாம் பேசுவது ஒரு தீவில், சில சமயம் அந்தத் தீவின் ஒரே ஒரு பாறைச் சரிவில் மட்டும் இருக்கிற செடியைப் பற்றி. இதை ஓரிடவாழ் இனம் என்பார்கள். அந்த இடத்தில் போய்விட்டால் காட்டு நிலையில் வேறெங்கும் கிடையாது.

உதாரணத்துக்குக் கடல் தேங்காய். இரட்டைத் தேங்காய் என்றும் சொல்வோம். உலகத்திலேயே பெரிய விதை அதுதான், 15 கிலோவுக்கு மேல்கூட இருக்கும். தென்னை போலப் பனைக் குடும்பம்தான். ஆனால் இயற்கையாக இருப்பது சீஷெல்ஸ் தீவுக்கூட்டத்தில் பிராலின், கியூரியஸ் என்ற இரண்டு தீவுகளில் மட்டும்.

அது எப்படி சார் தீவுல மட்டும் இத்தனை தனிச் செடி வந்துச்சு?

இதற்கு வாயால் பதில் சொல்வதைவிட ஒரு பக்கெட் போதும். பத்து லிட்டர் தண்ணீரில் 350 கிராம் உப்பைக் கரைத்தால் ஏறக்குறைய கடல்நீர் தயார். பிள்ளைகளை ஆளுக்கொரு விதை கொண்டுவரச் சொல்லுங்கள். எருக்கு விதை பஞ்சோடு பறக்கும். நாயுருவி பாவாடையில் ஒட்டிக்கொண்டு வரும். ஆலம்பழம் பறவையின் வயிற்றில் போகும். பூவரசங்காய் தண்ணீரில் மிதக்கும். எங்கள் பக்கெட்டில் வாரக்கணக்காக மிதந்ததை எடுத்து மண்ணில் போட்டோம், முளைத்தது. பிள்ளைகள் இலையைச் சுருட்டிப் பீப்பி ஊதுகிற அந்தப் பூவரசுதான் இந்தியப் பெருங்கடல், பசிபிக் கரைகளெல்லாம் போய் நிற்கிற மரம் என்று அப்போது சொன்னால் ஒருவரும் மறக்கமாட்டார்கள்.

இப்படிக் கடல் தாண்டிப் போய்ச் சேர்ந்தவை மிகச் சில. ஹவாய் தீவுகள் எந்தக் கண்டத்திலிருந்தும் 3,500 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருக்கின்றன. அங்கே எப்போதோ வந்து விழுந்த ஒரு விதையின் வாரிசுகள், லட்சக்கணக்கான வருடங்களில் வேறு உறவே இல்லாமல் மாறி மாறித் தனி இனங்களாகிவிட்டன. அங்கே இயற்கையாக வளரும் பூக்கும் தாவரங்களில் கிட்டத்தட்ட 90 சதவீதம் உலகில் வேறெங்கும் இல்லை.

ஆடு மேய்ஞ்சா ஒரு தீவே அழிஞ்சுபோகுமா? எங்க வீட்லயும் இருபது உருப்படி நிக்குது.

இதை ஒரு மாணவனின் அப்பா கேட்டார். நியாயமான கேள்வி, கொஞ்சம் பொறுமையாகவே பதில் சொல்ல வேண்டியது. நம் ஊர்ச் செடிகள் மான், மாடு, ஆடு எல்லாவற்றோடும் கூடவே வளர்ந்தவை. அதனால் முள், கசப்பு, பால், அரிப்பு என்று ஏதாவது ஒரு காவலை வைத்திருக்கின்றன. ஆடு எருக்கைத் தொடாமல் போவதைப் பிள்ளைகள் தினமும் பார்க்கிறார்கள். ஹவாயில் மனிதர் வருவதற்கு முன் நிலத்தில் இருந்த ஒரே பாலூட்டி வௌவால். கடித்துத் தின்ன ஆளில்லாத இடத்தில் முள் எதற்கு? அங்கே ராஸ்பெர்ரிப் புதருக்கு முள் குறைந்துவிட்டது, புதினாக் குடும்பச் செடிகளுக்குக் காரமான வாசனை போய்விட்டது. அப்படிப்பட்ட இடத்தில் ஆட்டை இறக்கிவிட்டால் செடியிடம் தடுக்க எதுவுமே இல்லை.

அட்லாண்டிக் கடலில் இருக்கும் செயின்ட் ஹெலினா தீவில் 1500-களில் போர்ச்சுகீசியர்கள் ஆடுகளை விட்டார்கள். கப்பலில் வருகிறவர்களுக்குக் கறி வேண்டும் என்பதற்காக. பட்டியும் கிடையாது, மேய்ப்பவரும் கிடையாது. அவை பெருகி, முளைக்கிற கன்றையெல்லாம் தின்றன. பெரிய மரங்கள் வயதாகி விழுந்தபோது அந்த இடத்துக்கு வர இளமரமே இல்லை. நம்மூரில் ஒருவர் கூடவே நின்று கிடை போட்டு மேய்ப்பது வேறு விஷயம். ஆட்டுக்காரக் குடும்பத்துப் பிள்ளை வகுப்பில் தலைகுனியும்படி இந்தப் பாடத்தை எடுக்கவே கூடாது. எங்கள் வகுப்பில் ஆடு எதைத் தின்னும், எதைத் தின்னாது என்ற பட்டியலை அந்தப் பிள்ளைகள்தான் போட்டுக்கொடுத்தார்கள். அதைவிட நல்ல செடிப் பாடம் எனக்குத் தெரியாது.

பரீட்சைக்கு வருமா? வராதுன்னா எதுக்கு நேரத்தை வீணாக்கணும்?

பன்னிரண்டாம் வகுப்பு உயிரியலில் ஓரிடவாழ் இனங்கள், அயல் இனங்களின் ஆக்கிரமிப்பு, வாழிடத்திலும் வெளியிலும் பாதுகாத்தல் எல்லாமே வருகின்றன. மனப்பாடம் செய்த வரையறையை விட பக்கெட்டும் ஆடும் நினைவில் நிற்கும்.

எந்த வகுப்புல ஆரம்பிக்கலாம்?

பெயரில் ஆரம்பித்தால் மூன்றாம் வகுப்பே போதும். உசிலம்பட்டியில் உசிலை மரம், விளாச்சேரியில் விளா, இலுப்பக்குடியில் இலுப்பை. மதுரையே கடம்பவனம். மீனாட்சி அம்மன் கோயிலுக்குள் பழைய கடம்பமரத்தின் அடிமரத்தை இன்றும் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். உங்கள் ஊர்ப் பெயரில் என்ன மரம் இருக்கிறது, அந்த மரம் இப்போது ஊரில் இருக்கிறதா என்று கேட்டுவிட்டு வரச் சொல்லுங்கள். பாதிப் பிள்ளைகள் 'இல்லை' என்று வந்து சொல்வார்கள். ஓர் இடத்திலிருந்து ஒரு மரம் இல்லாமல் போவது என்றால் என்ன என்று அன்றைக்கே புரிந்துவிடும்.

ஆறு, ஏழாம் வகுப்பில் விதைப் பயணம். எட்டுக்கு மேல் ஆடு, ஆக்கிரமிப்புச் செடிகள், கடைசி மரங்களின் கதைகள். மரபணு சமாச்சாரமெல்லாம் மேல்நிலை வகுப்பில் பார்த்துக்கொள்ளலாம்.

நேர்ல பார்க்க முடியாத செடியைப் படத்துல காட்டினா பிள்ளைங்க மனசுல ஒட்டுமா?

பார்க்க முடியாது என்று யார் சொன்னது? கல்யாண மண்டப வாசலிலும் புதிய அப்பார்ட்மென்ட் முன்னாலும் அடி பெருத்து, மேலே சின்னக் கொண்டையோடு ஒரு குட்டைப் பனை நிற்கும். பாட்டில் பனை என்று நர்சரியில் விற்கிறார்கள். அதன் சொந்த ஊர் முதல் பதிலில் சொன்ன ரவுண்ட் தீவுதான். அங்கே ஆடும் முயலும் தின்று தீர்த்ததில் ஒரு காலத்தில் விரல் விட்டு எண்ணும் அளவுக்குத்தான் காட்டில் மிஞ்சியது. 1970-களின் கடைசியில் ஆடுகளையும், 1986 வாக்கில் முயல்களையும் முழுக்க அகற்றிய பிறகுதான் தீவு மூச்சு விட்டது. பாட்டில் பனை நிற்கிற இடத்துக்கு வகுப்பை நடத்திக் கூட்டிப்போய், அதன் அடியிலேயே உட்காரவைத்து இந்தக் கதையைச் சொல்கிறேன்.

மொரிஷியஸ் ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்து இருக்கும். யாராவது வெளிநாட்டு நோட்டுச் சேர்ப்பவர் கிடைத்தால் ஒன்றை வாங்கிக் காட்டுங்கள். அந்த எழுத்தைப் படித்துவிட்ட பிள்ளைக்கு அதற்குமேல் அது வேற்றூர் இல்லை.

மன்னார் வளைகுடாத் தீவுகளுக்குக் கூட்டிட்டுப் போகலாமா? பக்கம்தானே?

மதுரையிலிருந்து ராமேஸ்வரம் சுமார் 170 கிலோமீட்டர். ஆனால் அந்தத் தீவுகள் 1986 முதல் தேசியப் பூங்கா. நினைத்தபடி இறங்க முடியாது. வனத்துறை அனுமதிக்கிற படகுப் பயணம் எது, எந்தக் கரையிலிருந்து என்று முன்கூட்டியே விசாரித்துக்கொண்டு போகவேண்டும். தனியார் படகுக்காரர் 'நான் இறக்கிவிடுறேன்' என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பிள்ளைகள் முன்னால் நாமே விதியை மீறினால் மற்றப் பாடமெல்லாம் வீண்.

கட்டாயம் சொல்ல வேண்டிய ஒன்று: அங்கே 21 தீவுகள் இருந்தன. தூத்துக்குடிப் பக்கம் விலாங்குசல்லி, கீழக்கரைப் பக்கம் பூவரசன்பட்டி என்ற இரண்டும் கடலுக்குள் போய்விட்டன. சுற்றியிருந்த பவளப்பாறைகளை வருடக்கணக்காக வெட்டி எடுத்ததை முக்கியக் காரணமாகச் சொல்கிறார்கள். பூவரசின் பெயர் வைத்த ஒரு தீவே இன்று இல்லை என்று சொன்ன அன்று, பக்கெட்டில் பூவரசங்காய் போட்ட பிள்ளைகள் ரொம்ப நேரம் பேசவில்லை.

ஒரே ஒரு மரம்தான் மிச்சம்னா அது போனதாத்தானே அர்த்தம்? அதுக்கு எதுக்கு இவ்வளவு மெனக்கெடணும்?

இதற்கு ஒரு கதை. ரோட்ரிக்ஸ் என்ற தீவு மொரிஷியஸிலிருந்து கிழக்கே 600 கிலோமீட்டர் போலத் தள்ளி இருக்கிறது. பரப்பு சுமார் 108 சதுர கிலோமீட்டர். மதுரை மாநகராட்சியைவிடச் சின்னது. அங்கே 1980-ஐ ஒட்டி ஒரு பள்ளி ஆசிரியர், உள்ளூர்ச் செடிகளைத் தேடிக் கொண்டுவாருங்கள் என்று பிள்ளைகளிடம் சொன்னார். ஒரு பையன் கொண்டுவந்த கிளை ஆசிரியருக்கே பிடிபடவில்லை. விசாரித்ததில், அது அழிந்துவிட்டதாக நினைத்திருந்த காப்பிக் குடும்பச் செடி. காட்டுக் காப்பி என்ற பொருளில் அங்கே 'காஃபே மாரோன்' என்பார்கள். தீவில் ஒரே ஒரு செடிதான் மிஞ்சியிருந்தது.

செய்தி பரவியதும் மருந்துக்கு ஆகும் என்று ஊரார் கிளைகளை ஒடிக்க ஆரம்பித்தார்கள். வேலி போட்டார்கள், வேலியைத் தாண்டியும் ஒடித்தார்கள். 1986-இல் இங்கிலாந்தின் கியூ தாவரவியல் பூங்காவுக்குச் சில போத்துகள், அதாவது நடுவதற்காக வெட்டிய கிளைத் துண்டுகள், விமானத்தில் போயின. வேர் பிடித்தது. பூத்தது. ஆனால் வருடக்கணக்கில் காய்க்கவே இல்லை. 2003-இல் அங்கே வேலை பார்த்த ஒருவரின் விடாத முயற்சியில்தான் முதல் விதை கிடைத்தது. பிறகு கன்றுகள் ரோட்ரிக்ஸுக்கே திரும்பிப் போயின.

இந்தக் கதையில் நான் பிள்ளைகளை நிறுத்திப் பார்க்கச் சொல்கிற இடம் கியூ இல்லை, அந்தப் பையன். 'இது மற்ற செடி மாதிரி இல்லையே' என்று அவன் கண்ணுக்குப் பட்டது. அந்தச் செடிக்குச் சின்ன வயதில் இலை நீளமாக, ஒடுங்கி, பழுப்பாக இருக்கும். வளர்ந்ததும் பச்சையாக, அகன்று, வேறு செடி போல ஆகிவிடும். உற்றுப் பார்க்காதவர் தாண்டிப் போய்விடுவார். இலையை உற்றுப் பார்க்கச் சொல்லிக்கொடுப்பதைத்தான் இந்தப் பாடத்தின் உயிர் என்று நினைக்கிறேன்.

போத்து வெட்டி வச்சா ஒண்ணு நூறாயிடுமே, அப்புறம் என்ன கவலை?

நூறு ஆகும். ஆனால் நூறும் ஒரே செடிதான். ஒரு நோய் ஒன்றைக் கொன்றால் நூறையும் கொல்லும். சிறுமலை வாழையை நினைத்துப் பாருங்கள். வாழையைப் பக்கக் கன்றில்தான் நடுகிறோம், விதையில் இல்லை. முடிக்கொத்து நோய் வந்தபோது மலைத்தோட்டங்கள் எப்படி அடிபட்டன என்பதைச் சிறுமலைக்காரர்கள் இன்னும் சொல்வார்கள். மேல்நிலை வகுப்புக்கு இதைவிடப் பொருத்தமான உதாரணம் தேட வேண்டாம்.

விதை கிடைத்தால் ஒவ்வொரு கன்றும் கொஞ்சம் வேறாக இருக்கும். அதனால்தான் 2003-இல் அந்தக் காய் அவ்வளவு பெரிய விஷயம். மொரிஷியஸின் கியூர்பிப் தோட்டத்தில் ஒரு பனை இன்றும் தனியாக நிற்கிறது. அதன் இனத்தில் உலகத்திலேயே அது ஒன்றுதான். ஆண் பூவும் பெண் பூவும் வேறு வேறு நேரத்தில் மலர்வதால் தானாகக் காய்த்துப் பெருகவும் வழியில்லாமல் நிற்கிறது.

பாட்டில் பனை ஊரெல்லாம் நிக்குது. அப்புறம் ஏன் அரிய இனம்னு சொல்றீங்க?

நல்ல குழப்பம் இது, ஆசிரியர்களுக்கும் வரும். தோட்டத்தில் இருப்பது வேறு, தன் மண்ணில் தானாக விதை விழுந்து முளைத்து வளர்வது வேறு. மண்டப வாசல் பனையில் ரவுண்ட் தீவின் பல்லி ஏறாது, அதன் நிழலில் அந்தத் தீவின் புல் முளைக்காது. ஹவாயின் செங்குத்தான கடற்பாறைகளில் வளர்ந்த பிரிகாமியா என்ற செடியும் அப்படித்தான். அதன் மகரந்தத்தைச் சுமந்த அந்துப்பூச்சி இல்லாமல் போயிருக்கும் என்கிறார்கள். தாவரவியலாளர்கள் கயிற்றில் தொங்கி, தூரிகையால் மகரந்தம் தடவினார்கள். ஐரோப்பாவில் அதைத் தொட்டிச் செடியாக ஏராளமாக விற்கிறார்கள். அதன் பாறையிலோ அநேகமாக ஒன்றும் மிஞ்சவில்லை.

அதற்காகத் தோட்டத்தில் வளர்ப்பது வீண் என்று சொல்லமாட்டேன். வீட்டில் பெட்டியில் நிலப் பத்திரம் இருக்கிற மாதிரி அது. நிலம் கைக்கு வந்தால்தான் பத்திரத்துக்கு அர்த்தம்.

மலையில விதைப்பந்து வீசலாமா சார்? ஸ்கூல்ல ஆயிரம் உருட்டி வச்சிருக்கோம்.

குன்றின் மேல் வேண்டாம். இதைச் சொன்னால் பலருக்கு வருத்தமாக இருக்கிறது. பிள்ளைகள் ஆசையாகக் களிமண் உருட்டியதைக் குறை சொல்லவில்லை. பாறைக்குழியில் மழைக்காலத்தில் மட்டும் தலைகாட்டும் சின்னச் செடிகளும் புல்லும்தான் அந்த இடத்துக்கு உரியவை. அங்கே கொன்றையும் வேம்பும் கொண்டுபோய் வீசினால், நாமே இன்னொரு அயல்செடியை இறக்குகிறோம். ஹவாய், மொரிஷியஸ் தீவுகளை இன்று பாடாய்ப்படுத்துவதில் கொய்யாவின் உறவான ஒரு சின்னப் பழமரமும் உண்டு. யாரோ நல்லெண்ணத்தில் நட்டதுதான். உண்ணிச்செடியும் சீமைக்கருவேலமும் இங்கே வந்த கதையும் பிள்ளைகளுக்குத் தெரியும்.

உருட்டிய பந்துகளைப் பள்ளி வளாகத்திலேயே நாற்றுப் பையில் போட்டு முளைக்க வையுங்கள். எத்தனை முளைத்தது என்று எண்ணவும் முடியும்.

அரிய செடி ஒண்ணு ஆன்லைன்ல வருது. ஸ்கூல் தோட்டத்துக்கு வாங்கலாமா?

எங்கிருந்து எடுத்தார்கள் என்று தெரியாத அரிய செடியை வாங்காதீர்கள். காட்டிலிருந்து பிடுங்கியதாக இருக்கலாம். காப்புக்காட்டிலிருந்து நாமே பிடுங்கி வருவதும் குற்றம், கோயில் மலையாக இருந்தாலும் சரி. அதற்குப் பதில், மேலே சொன்ன ஊர்ப்பெயர் மரங்களில் உங்கள் ஊரில் குறைந்துவிட்ட ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். இலுப்பை நல்ல தேர்வு. ஆனி, ஆடியில் பழம் விழும். விதை காய்ந்தால் செத்துவிடும், அதனால் பொறுக்கிய சில நாட்களுக்குள் ஊன்ற வேண்டும். எல்லா விதையையும் டப்பாவில் போட்டுச் சேமித்துவிட முடியாது என்பதையும் அதே வேலையில் கற்றுக்கொள்வார்கள். பல தீவு மரங்களின் விதையும் இதே குணம்தான்.

டோடோ பறவை செத்ததால ஒரு மரமே முளைக்காம போச்சுன்னு சொல்றாங்களே, நெசமா?

மொரிஷியஸின் தம்பலக்கோக் மரம். டோடோவின் வயிற்றில் அரைபட்டால்தான் விதை முளைக்கும், டோடோ அழிந்து 300 வருடமாக ஒன்றும் முளைக்கவில்லை என்று 1977-இல் ஒரு கட்டுரை வந்தது. அழகான கதை. ஆனால் 300 வருடத்துக்கும் குறைந்த வயது மரங்கள் இருப்பதையும், பறவை இல்லாமலே விதை முளைப்பதையும் பிறகு காட்டினார்கள். அந்த மரம் குறைந்ததற்குக் குரங்கும் பன்றியும் வெளிச்செடிகளும் காரணமாகச் சொல்லப்படுகின்றன. வகுப்பில் இரண்டையும் சொல்லுங்கள்.

இதையெல்லாம் கேட்டுட்டு எங்க பொண்ணு ராத்திரி அழுகுறா. இவ்வளவு சோகம் தேவையா?

அந்த அம்மாவிடம் நான் மன்னிப்புக் கேட்டேன். முதல் வருடம் அழிவுக் கதைகளை மட்டும் அடுக்கினேன், அது என் தவறு. இப்போது 2003 என்ற ஒரே வருடத்தை எடுத்துக்கொள்கிறேன். செயின்ட் ஹெலினா ஆலிவ் என்ற மரத்தின் கடைசிச் செடி அந்த வருடம்தான் செத்தது. ஆலிவ் என்பது பெயர் மட்டும்தான், உண்மையில் இலந்தைக் குடும்பம். காஃபே மாரோன் காய்த்ததும் அதே வருடம். இரண்டையும் ஒரே நாளில் சொல்லிவிடுவேன். கூடவே செயின்ட் ஹெலினா கருங்காலியையும். அழிந்ததாக நினைத்த அதை 1980-இல் ஒரு பாறைச் சரிவில் இரண்டே புதர்களாகக் கண்டுபிடித்தார்கள். அந்த இரண்டிலிருந்து ஆயிரக்கணக்கில் நட்டிருக்கிறார்கள்.

அப்புறம், கதை முடிந்ததும் பிள்ளைகளின் கையில் வேலை இருக்க வேண்டும். தண்ணீர் ஊற்ற ஒரு கன்றாவது.

நாங்களும் அந்தப் பையன் மாதிரி ஏதாவது கண்டுபிடிக்க முடியுமா சார்?

முடியும். பழனி மலையில் மட்டும் இருக்கிற, ருத்திராட்ச மரத்துக்கு உறவான ஒரு மரம் அழிந்துவிட்டதாக நினைத்திருந்தார்கள். அது கொடைக்கானலை ஒட்டிய வட்டக்கானல் பக்கம்தான் கண்ணில் பட்டது. நம்மிடமிருந்து ஒரு பஸ் பயணம்.

தெரியாத செடியைப் பார்த்தால் பிடுங்காதே. இலையின் மேல்பக்கம், அடிப்பக்கம், பூ, காய், முழுச் செடி என்று தனித்தனியாகப் போட்டோ எடு. தேதி, இடம், பக்கத்தில் என்ன இருந்தது என்று நோட்டில் எழுது. வாட்ஸ்அப்பில் இடத்தைப் போடாதே. ரோட்ரிக்ஸில் செய்தி பரவியதும் என்ன நடந்தது என்று உனக்குத் தெரியும். முதலில் உன் அப்பத்தாவிடம் காட்டு. அவருக்கும் தெரியாவிட்டால் மதுரையில் ஏதாவது ஒரு கல்லூரித் தாவரவியல் துறைக்கு நாம் சேர்ந்தே எடுத்துப்போவோம். எங்கள் நோட்டில் இதுவரை 61 செடிகள் ஏறியிருக்கின்றன. அவற்றில் 40-க்கு மேல் அப்பத்தாக்களும் அம்மாச்சிகளும் பெயர் சொன்னவை. மூன்றுக்கு இன்னும் பெயர் கிடைக்கவில்லை. ஐப்பசி மழைக்குப் பூத்தால் மறுபடி போய்ப் பார்க்க வேண்டும்.